மீனாட்சிபுரம்: பெயர் மாறியபோது பதறியது யார்?

போன வாரம் பாலசமுத்திரத்தில் நடந்த படிப்பு வட்டத்தில் மீனாட்சிபுரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பழனியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, அரபு நாட்டுக் காசு வாங்கிட்டுத்தான் அவங்க முஸ்லிமா மாறினாங்கன்னு வாட்ஸ்அப்ல வருது. உண்மையா?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. 1981இல் நாடாளுமன்றம் முதல் டீக்கடை வரை இதே கேள்விதான் ஓடியது. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அதே கேள்விதான் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. அதனால் அந்த வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், தோழர்களே. அதற்கு முன் ஒரு குத்துச்சண்டை வீரரிடமிருந்து தொடங்குகிறேன்.

சென்னைக்கு வந்த முகமது அலி

1980 ஜனவரியில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிப் போட்டியில் மோதினார். அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்த மனிதர் மதம் மாறியவர் என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

ஆனால் அவருடைய சொந்த நாட்டில் அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1964இல் உலகப் பட்டம் வென்ற கையோடு, தான் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தைச் சேர்ந்தவன் என்று அறிவித்தார். 1930இல் டெட்ராய்ட் நகரில் கறுப்பின மக்களிடையே உருவான இயக்கம் அது. மால்கம் எக்ஸ் அதன் புகழ்பெற்ற குரலாக இருந்தார். காசியஸ் கிளே என்பது தன் முன்னோரை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் கொடுத்த பெயர் என்று சொல்லி அலி அதைத் தூக்கி எறிந்தார். பத்திரிகைகள் பல ஆண்டுகள் விடாமல் பழைய பெயரையே எழுதின. 1967இல் எர்னி டெரல் என்ற வீரர் போட்டிக்கு முன் அவரைப் பழைய பெயரால் அழைத்தார். களத்தில் ஒவ்வொரு குத்துக்கும் இடையில் "என் பெயர் என்ன?" என்று அலி அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அதே ஆண்டு வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டது. 1971இல்தான் உச்ச நீதிமன்றம் அவரது தண்டனையை ரத்து செய்தது.

அன்றைய அமெரிக்க வெள்ளைச் சமூகம் கறுப்பின முஸ்லிம்களை எப்படிப் பார்த்தது? வெறுப்பைப் பரப்புகிறவர்கள், யாரோ ஏவிவிட்டவர்கள், நாட்டுக்கு விசுவாசம் இல்லாதவர்கள் என்று பார்த்தது. அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களிலேயே கணிசமான முஸ்லிம்கள் இருந்தார்கள். வட கரோலினாவில் அடிமையாக வாழ்ந்த உமர் இப்னு சயீத் 1831இல் தன் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதினார். இஸ்லாம் அந்த மண்ணுக்கு நேற்று வந்ததல்ல. ஆனாலும் அந்நியம் என்ற முத்திரை போகவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அது கொலைவெறியானது. எஃப்.பி.ஐ. கணக்கின்படி முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றச் சம்பவங்கள் 2000இல் 28, 2001இல் 481.

அடுத்த ஆண்டு, தென்காசிக்கு அருகில்

சென்னை அலிக்குக் கைதட்டிய ஓராண்டில், 1981 பிப்ரவரி 19 அன்று, அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தின் மீனாட்சிபுரத்தில் பள்ளர் சமூக மக்கள் கூட்டாக இஸ்லாத்தைத் தழுவினார்கள். சுமார் 180 குடும்பங்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஊருக்கு ரஹ்மத் நகர் என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

இவர்கள் வயிற்றுக்கு வழியில்லாமல் விலைபோனவர்கள் அல்லர். நிலம் வைத்திருந்தவர்கள், படித்தவர்கள், அரசு வேலைக்குப் போனவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். மதம் மாறும் யோசனையும் திடீரென்று வந்ததல்ல. பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்தது. படித்திருந்தாலும் டீக்கடையில் தனிக் குவளை. வேலையில் இருந்தாலும் சாதி சொல்லித்தான் அழைப்பு. அருகில் நடந்த ஒரு கொலை வழக்கைத் தொடர்ந்து காவல்துறையின் கெடுபிடியும் சேர்ந்துகொண்டது. படிப்பும் நிலமும் வந்த பிறகும் மரியாதை வரவில்லை என்றால் மனிதன் என்ன செய்வான்? அவமானத்தைச் சகித்துப் பழகியவனைவிட, தலை நிமிரத் தொடங்கியவனுக்குத்தான் அது அதிகம் சுடும்.

நம் வரலாற்றில் இது புதிதும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்டார். 1935இல் அண்ணல் அம்பேத்கர் யேவலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். இழிவு நீங்க இஸ்லாம் ஒரு வழி என்று பெரியார் வெளிப்படையாகவே பேசினார். மீனாட்சிபுரம் அந்த நீண்ட வரிசையில் வந்த ஒரு முடிவு.

பதற்றம்

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அதுவரை அந்தச் சேரிப் பக்கம் எட்டிப் பார்க்காத தலைவர்கள் வரிசையாக வந்தார்கள். வாஜ்பாய் வந்தார். ஆரிய சமாஜம் மக்களைத் திரும்ப மாற்ற முயன்றது. விசுவ இந்து பரிஷத் இதை நாடு தழுவிய பிரச்சினையாக்கியது. 1983இல் அது நடத்திய ஏகாத்மதா யாத்திரைக்குப் பின்னால் மீனாட்சிபுரம் கிளப்பிய பதற்றம் இருந்தது. வளைகுடாப் பணம், வெளிநாட்டுச் சதி என்ற பேச்சு எங்கும் பரவியது. தனிக் குவளையை உடைக்க எத்தனை யாத்திரை கிளம்பியது? ஒன்றும் இல்லை.

சட்டமும் அதே கண்ணோடுதான் பார்த்தது. 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, சிறுவராகவோ, பட்டியல் சாதியினராகவோ இருந்தால் தண்டனை கூடுதல். அதாவது வளர்ந்த ஒரு தலித் மனிதருக்கும் சிறு பிள்ளைக்கும் ஒரே தட்டு: இருவருக்கும் சுயமாக யோசிக்கத் தெரியாது. 2004 நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பின் அந்தச் சட்டம் கைவிடப்பட்டது.

இன்னொரு பூட்டு அதைவிடப் பழையது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியர்கள், 1990இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். இஸ்லாத்துக்கோ கிறித்தவத்துக்கோ போனவர்கள் வெளியேதான். இந்த மதத் தடையை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. இட ஒதுக்கீடு மட்டுமல்ல, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் இஸ்லாத்துக்கு மாறிய பட்டியல் சாதியினரைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதும் அரசாணையே 2024 மார்ச்சில்தான் வந்தது. மீனாட்சிபுரத்துக்கு 43 ஆண்டுகள் கழித்து! காசு வாங்கி மாறினார்கள் என்கிறவர்களிடம் கேளுங்கள்: மாறியதால் அவர்கள் இழந்தது எவ்வளவு?

ஒன்றை மறைக்கக் கூடாது. மதம் மாறியதும் சாதி முழுதாகக் கரைந்துவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். திருமண உறவு என்று வரும்போது முஸ்லிம் சமூகத்திலும் புதிதாக வந்தவர், பரம்பரையானவர் என்ற வேறுபாடு எழுவதுண்டு. அதையும் நாம் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைப் பேசும் உரிமை குவளையை உடைக்க வந்தவர்களுக்கு உண்டு. தனிக் குவளை வைத்தவர்களுக்கு இல்லை.

நம் மலையடிவாரம்

பாலசமுத்திரத்திலிருந்து பார்த்தால் இதெல்லாம் தூரத்துக் கதை போலத் தோன்றலாம். 2024 ஜனவரி 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, நம் பழனி கோயில் வழக்கில், கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதோருக்கு அனுமதி இல்லை என்று பலகை வைக்க உத்தரவிட்டது. தெய்வத்தின் மீது நம்பிக்கை உண்டு என்று உறுதிமொழி கொடுத்தால் போகலாமாம். பழனியிலும் திண்டுக்கல்லிலும் தலைமுறை தலைமுறையாக வாழும், தமிழே தாய்மொழியான ராவுத்தர்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லையா?

நமக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள். 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை வாசலுக்கு வெளியே நின்றவர்கள் நம் தாத்தா பாட்டிகள். வாசலில் நிறுத்தப்படுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். "காசு வாங்கினாங்களான்னு கேக்கறதுக்கு முன்னாடி, எதை விட்டு ஓடினாங்கன்னு கேளு." அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஊர் டீக்கடையில இப்பவும் எங்களுக்குப் பேப்பர் கப்புதான்ணே, மத்தவங்களுக்குக் கண்ணாடி டம்ளர்" என்றார்.

அடுத்த வாரம் அந்த டீக்கடையைப் பற்றிப் பேசப் போகிறோம். வாருங்கள்.

ஜெய் பீம்.