ராமேஸ்வரக் கரையில் நாறும் பாசியும் நம்ம ஆஸ்பத்திரி லேபும்

த்ரெட் கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

ஆடி அமாவாசை, தை அமாவாசை முடிஞ்ச வாரம் எங்க ஓபியில் ஒரு கேள்வி தவறாம வரும். "சார், ராமேஸ்வரம் போயிட்டு வந்தோம். கரை பூரா பாசி அழுகிக் கெடந்துச்சு, ஒரே நாத்தம். அந்தக் காத்தை இழுத்ததால ஏதும் ஆகுமா?" ஒத்தக்கடையில் இருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். யானைமலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு கடல்னாலே ராமேஸ்வரம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்குற கடல் நாறுனா பயம் வரத்தான் செய்யும்.

சின்ன பதில்: திறந்த கரையில கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. பெரிய பதிலுக்குள்ள ஒரு சரித்திரம் இருக்கு. அந்தப் பாசியோட சொந்தக்காரப் பாசிதான் உங்க யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு அடியில இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா?

முதல்ல அங்க கிடக்குறது என்னன்னு பார்த்துடுவோம். எல்லாத்தையும் நாம பாசின்னு சொல்லிடறோம். அக்னி தீர்த்தத்துல நாடா நாடாவா ஒதுங்குறதுல பெரும்பகுதி கடல் தாழை. அது பாசியே இல்ல. வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள செடி, கடலுக்கு அடியில் வயல் மாதிரி வளரும். பாக் நீரிணையில் கடல் பசு மேயுறது இதைத்தான். அந்த மேய்ச்சலுக்காகவே 2022-ல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டர் கடலை கடல் பசு பாதுகாப்பகமா அறிவிச்சது. காத்தும் நீரோட்டமும் மாறும்போது பழைய இலைகள் பிய்ஞ்சு கரைக்கு வருது. நம்ம வேப்பமரம் இலை கொட்டுற மாதிரிதான்.

இன்னொன்னு நிஜமான பாசி. மண்டபம், பாம்பன் பக்கத்து மக்கள் ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சிருக்காங்க. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி. கட்டக்கோரைக்கு உலகப் பேர் சர்காசம். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வரும்.

இப்ப நாத்தத்துக்கு வருவோம், அதுதானே என் டிபார்ட்மென்ட். குவியலா கிடந்து, உள்ள காத்து போகாம அழுகும்போது பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குது. அழுகின முட்டை வாசனை. ஒரு பிபிஎம்முக்குக் கீழேயே, அதாவது காத்துல பத்து லட்சத்துல ஒரு பங்கு கூட இல்லாதபோதே, நம்ம மூக்கு இதைக் கண்டுபிடிச்சிடும். அதனால நாத்தம் அடிச்ச உடனே விஷம் ஏறிடுச்சுன்னு அர்த்தமில்ல. ஆனா இந்த வாயுவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சுமார் 100 பிபிஎம்முக்கு மேல போனா மூக்கு மரத்துப் போயிடும், நாத்தமே தெரியாது. அதுக்கும் மேல பல நூறுன்னு ஏறுனா ஆள் அப்படியே விழுந்துடுவார். செப்டிக் டேங்குக்குள்ள இறங்குற தொழிலாளிகள் ஒருத்தரைக் காப்பாத்த இன்னொருத்தர் இறங்கி வரிசையா செத்துப் போறாங்களே, பேப்பர்ல படிக்கிறோமே, அங்க கொல்றதுல முக்கியமான வாயு இதுதான். கடற்கரையில வானம் திறந்து கிடக்கு, காத்து அடிச்சுக்கிட்டே இருக்கு. குழிக்குள்ள அது இல்ல. வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்போ கரையில் யாருக்குமே ஒண்ணும் ஆனதில்லையா? ஆகியிருக்கு. கொலம்பஸ் 1492-ல் கப்பல்ல போகும்போதே நடு அட்லாண்டிக்ல சர்காசம் மிதக்குறதைப் பார்த்திருக்கார். அதுக்கப்புறம் 500 வருஷம் அது பாட்டுக்கு சர்காசோ கடல்லயே கிடந்துச்சு. 2011-ல் திடீர்னு கரீபியன் தீவுகளோட கரையெல்லாம் மலை மலையா ஒதுங்க ஆரம்பிச்சது. 2018-ல் ஆப்பிரிக்காவில் இருந்து மெக்சிகோ வளைகுடா வரை கிட்டத்தட்ட 8,850 கிலோமீட்டருக்கு ஒரே பட்டையா நீண்டு கிடந்ததை செயற்கைக்கோள் படத்தில் அளந்தாங்க. எடை 2 கோடி டன்னுக்கு மேல். அந்த ஜூன் மாசம் பார்படாஸ் அரசு தேசிய அவசரநிலை அறிவிச்சது. வெள்ளை மணலும் நீலக் கடலும் பார்க்க காசு கட்டி வந்த சுற்றுலாப் பயணிகள் மூக்கைப் பொத்திக்கிட்டு ரூமை காலி பண்ணாங்க. மெக்சிகோவில் 2019-ல் கடற்படையையே பாசி அள்ள இறக்கினாங்க.

அதே 2018-ல் மார்டினிக், குவாடலூப் தீவுகளில் வெறும் 8 மாசத்துல 11,000-க்கும் மேற்பட்டவங்களுக்கு இந்த வாயுவால் பாதிப்புன்னு அங்க இருக்குற டாக்டர்கள் பதிவு செஞ்சாங்க. தலைவலி, வாந்தி, கண் எரிச்சல், மூச்சுத் திணறல். கவனிங்க, இதுல அதிகம் அவதிப்பட்டது உள்ளூர் ஜனம். டூரிஸ்ட் அடுத்த ஃபிளைட்ல போயிடுவார். கரையில வீடு இருக்குறவர் ராத்திரி பகலா மாசக்கணக்கில் அதையே சுவாசிக்கணும்.

பிரான்ஸ்ல பிரிட்டனி கடற்கரை இன்னும் மோசம். அங்க வர்றது பச்சைப் பாசி. பன்றிப் பண்ணைக் கழிவும் உரமும் ஆறு வழியா கடல்ல கலந்ததுல செழிச்சு வளர்ந்தது. 2009-ல் ஒரு குதிரை அந்த அழுகின பாசிச் சேத்துல சிக்கி செத்துப் போச்சு, ஓட்டி வந்தவர் மயங்கி விழுந்து பிழைச்சார். 2011-ல் 36 காட்டுப்பன்றிகள் ஒரே கழிமுகத்துல செத்துக் கிடந்துச்சு.

நம்ம கட்டக்கோரை பாறையைப் பிடிச்சு வளர்ற ஜாதி. அட்லாண்டிக்ல மிதக்குறது பாறையே வேண்டாத ஜாதி, நடுக்கடல்லயே பெருகும். அதனால கரீபியன் அளவு குவியல் நம்ம கரையில இல்ல. ஆனா சாக்கடையும் உரமும் கடல்ல சேர்ந்தா பச்சைப் பாசி எங்கேயும் செழிக்கும். அக்னி தீர்த்தத்துல கழிவுநீர் கலக்குதுன்னு பல வருஷமா புகார் இருக்கு. அந்த இடத்துல நாத்தத்துக்கு பாசியை மட்டும் திட்டறது நியாயமில்லன்னு எனக்குத் தோணுது.

சரி, சரித்திரம்.

ராமநாதபுரம் கடலோரத்துல ஏழை வீடுகள்ல ஒரு பாசியைக் கழுவிக் காயவச்சு கஞ்சி காச்சிக் குடிச்சிருக்காங்க. கஞ்சிப்பாசிங்கிற பேர் அப்படி வந்ததுதான். நம்ம பக்கம் ரம்ஜான் மாசம் இஸ்லாமிய நண்பர்கள் வீட்ல பாலும் சர்க்கரையும் போட்டு வில்லை வில்லையா வெட்டித் தர்ற கடல்பாசி சாப்பிட்டிருப்பீங்க. கடையில் சைனா கிராஸ்னு கேட்டாலும் அதுதான். எல்லாம் அகர் அகர். இது மலாய் மொழிச் சொல். 1650-கள்ல ஜப்பான்ல ஒரு சத்திரக்காரர் மிச்சமான பாசிக் களியை பனியில வெளிய கொட்ட, அது உறைஞ்சு, உருகி, காய்ஞ்சு நார் மாதிரி ஆனதாகவும், அதைத் திரும்பக் கொதிக்க வச்சப்போ முன்னைவிட நல்லா கட்டியானதாகவும் ஒரு கதை சொல்லுவாங்க. கதையோ நிஜமோ, உறையவச்சு உருக்குற அந்த வித்தை இன்னைக்கும் அகர் தயாரிப்பில் இருக்கு.

சமையல்கட்டில் இருந்து லேபுக்கு அது வந்தது ஒரு பெண்ணால. 1881-ல் ஜெர்மனியில ராபர்ட் கோக் கிருமிகளைத் தனித்தனியா வளர்க்கப் போராடிக்கிட்டிருந்தார். உருளைக்கிழங்கு வில்லை மேல வளர்த்துப் பார்த்தாங்க. ஜெலட்டின் மேல வளர்த்துப் பார்த்தாங்க. நம்ம உடம்புச் சூட்டுக்குப் பழகின கிருமி 37 டிகிரியில் நல்லா வளரும், ஆனா அந்த சூட்டுல ஜெலட்டின் கரைஞ்சு தண்ணியாயிடும். பத்தாததுக்கு சில கிருமிகள் அதைத் தின்னும் தீர்த்துடும். ஐரோப்பாவின் கோடையிலேயே இந்தக் கதின்னா மதுரைச் சித்திரையில யோசிச்சுப் பாருங்க.

கோக்கிடம் வேலை பார்த்த டாக்டர் வால்தர் ஹெஸ்ஸே இதை வீட்ல புலம்பியிருக்கார். மனைவி ஃபேன்னி, நியூயார்க்கில் பிறந்தவர், "அகர் போட்டுப் பாருங்களேன்"னு சொல்லியிருக்கார். வெயில் காலத்துலயும் அவர் செய்யுற ஜெல்லி உருகாது. ஜாவாவில் இருந்து வந்த ஒரு டச்சுக் குடும்பம் பக்கத்து வீட்ல இருந்தப்போ கத்துக்கிட்ட கைப்பக்குவம். அகர் உருக சுமார் 85 டிகிரி வேணும், ஆனா ஒரு தடவை உருகிட்டா 40 டிகிரி பக்கம் வந்தாத்தான் திரும்பக் கட்டியாகும். கிருமிகள்ல பெரும்பாலானவை அதைத் தின்னவும் செய்யாது. இதைவிட வேறென்ன வேணும்?

1882-ல் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் கோக் அகரைப் பத்தி ஒரே ஒரு வரி எழுதினார். ஃபேன்னி பேரோ அவர் வீட்டுக்காரர் பேரோ அதில் இல்ல. மருத்துவ சரித்திரத்துல இப்படி விட்டுப்போன பெண்கள் நிறைய, அதுக்குத் தனி த்ரெட் போடணும்.

இன்னைக்கு எந்த ஆஸ்பத்திரி லேபுக்குப் போனாலும் ப்ளட் அகர், மெக்கான்கி அகர்னு தட்டு தட்டா இருக்கும். டைபாய்டா, ஆறாத சர்க்கரைப் புண்ணா, பச்சைக் குழந்தை ரத்தத்துல கிருமியா, எதுவானாலும் மாதிரியை அது மேல தீட்டி, 37 டிகிரியில வச்சு, மறுநாள் முளைச்சிருக்கான்னு பார்ப்பாங்க. எந்த ஆன்டிபயாடிக் கேக்கும், எது கேக்காதுங்கிற தீர்ப்பும் அகர் தட்டுலதான் பெரும்பாலும் எழுதப்படுது. பாசி இல்லேன்னா நான் குத்துமதிப்பா மருந்து எழுதணும்.

இந்தப் பாசி எவ்வளவு முக்கியம்னு உலகத்துக்குப் புரிஞ்சது ரெண்டாம் உலகப்போர்ல. அதுவரைக்கும் அகருக்கு எல்லாரும் ஜப்பானையே நம்பி இருந்தாங்க. 1941 டிசம்பர்ல ஜப்பான் எதிரியானதும் சரக்கு நின்னுபோச்சு. பிரிட்டன்ல ஜனங்களை விட்டுக் கரையோரப் பாசி பொறுக்க வச்சாங்க. இந்தியாவிலயும் நம்ம கடல் பாசியில அகர் எடுக்குற ஆய்வுகள் வேகம் பிடிச்சது அந்த யுத்த காலத்துலதான். 1947-ல் தொடங்கின மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சீக்கிரமே மண்டபம் முகாமுக்கு வந்து, 1971-ல் கொச்சிக்குப் போற வரை அதுதான் தலைமையகம். அந்த முகாமே ஒரு மருத்துவச் சரித்திரம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்ம ஜனங்களைக் காலரா, அம்மை பயத்துல நாள்கணக்கா அடைச்சு வச்ச குவாரன்டைன் இடம் அது. அங்க உட்கார்ந்துதான் நம்ம பாசிகளை எண்ணினாங்க, அளந்தாங்க, கயிறு கட்டி வளர்த்துப் பார்த்தாங்க. அடுத்த சில பத்தாண்டுகள்ல அகர் காய்ச்சுற ஆலைகள் மதுரையைச் சுத்தியே முளைச்சது. கடலே இல்லாத ஊருக்கு லாரியில பாசி வந்து இறங்கிச்சு. கட்டக்கோரையும் சும்மா இல்ல, அதுல இருந்து ஆல்ஜினேட் எடுப்பாங்க. பல் செட்டுக்கு அளவெடுக்கும்போது வாயில அப்புற மாவு, புண்ணுக்கு வைக்கிற சில கட்டுத்துணி, நெஞ்செரிச்சல் சிரப் சிலது, எல்லாத்துலயும் அது உண்டு.

இந்தப் பாசியை எடுக்குறது யாரு? பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் பக்கத்துப் பெண்கள். விரல்ல துணி சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு முங்கி பாறையில இருந்து கையால பறிப்பாங்க. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனப்போ அம்மா, பாட்டி காலத்துல இருந்து போன இடத்துக்கே அவங்க திருட்டுத்தனமா போக வேண்டியதாச்சு. பிறகு அவங்களே கூடிப் பேசி, மாசத்துல 12 நாள்தான் எடுக்குறதுன்னு கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. அவங்கள்ல ஒருத்தரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைச்சது. பள்ளிக்கூடப் பாடத்துல இவங்க வர மாட்டாங்க, ஃபேன்னி மாதிரியே.

அதே வருஷம் மொராக்கோ பாசி எடுப்பைக் குறைச்சதும் உலகம் பூரா லேபுகளுக்கு அகர் தட்டுப்பாடு வந்துச்சு. அப்பவும் கடற்கரை டூரிஸ்டுக்கு அது குப்பைதான்.

எல்லாப் பாசியும் நல்லதுன்னு சொல்ல வரல. 2000 வாக்கில் பெப்சி கம்பெனி மண்டபத்துல காப்பாஃபைகஸ்ங்கிற வெளிநாட்டுப் பாசியை வளர்க்க இறங்குச்சு. ஊர் ஜனம் அதுக்கு வச்ச பேர் பெப்சி பாசி. கயித்துல கட்டி மூங்கில் மிதவையில வளர்ப்பாங்க, பல பெண்களுக்கு நல்ல வருமானம். 2008-ல் அது குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மேல படர்ந்திருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. மூடுன பவளம் செத்துப்போகும். வளர்க்கணுமா கூடாதாங்கிற சண்டை இன்னும் ஓயல. இதுக்கு நடுவுல ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூர்ல 127 கோடி ரூபாய்க்குப் பாசிப் பூங்கா வருது. அதுல முங்கிப் பறிக்குற பெண்களுக்கு என்ன இடம்னு நம்ம மாவட்ட நிருபர்கள் யாராவது கேட்டு எழுதினா நல்லாருக்கும்.

2019 செப்டம்பர்ல பாம்பன் பக்கம் கடலே பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கினது ஞாபகம் இருக்கா? மீனவர்கள் அதைப் பூங்கோரைம்பாங்க. கண்ணுக்குத் தெரியாத நாக்டிலூகாங்கிற நுண்ணுயிர், அது கரையில ஒதுங்குற பாசி இல்ல. அதுக்கு முந்தின மாசம் சென்னையில ராத்திரி அலை நீலமா மின்னுதுன்னு ஜனம் ஓடிப்போய் செல்ஃபி எடுத்ததும் இதே ஜாதிதான். அங்க வேடிக்கை, இங்க மீன் சாவு. தண்ணியில ஆக்ஸிஜன் குறைஞ்சுதான் இங்க மீன் செத்தது. அந்த மாதிரி சமயத்துல செத்து ஒதுங்குன மீனை எடுத்துச் சமைக்காதீங்க.

இனி போறவங்களுக்கு. ஆஸ்துமா, சிஓபிடி இருக்குறவங்க, கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரங்க அழுகின குவியல் பக்கத்துல துணி விரிச்சு உட்கார வேண்டாம், காத்து வர்ற பக்கமா தள்ளிப் போங்க. இன்ஹேலர் கையில இருக்கட்டும். குவியலைக் காலால கிளறாதீங்க, உள்ள அடைஞ்ச வாயு அப்பத்தான் மொத்தமா வெளிய வரும். அதுக்குள்ள சொறி மீன் துண்டும் கிடக்கும், பட்டா தடிச்சிடும். பட்டுட்டா தேய்க்காம கடல் தண்ணியிலயே அலசுங்க. பெரியவங்களைப் பாசி படிஞ்ச படியில தனியா இறங்க விடாதீங்க. வாயுவைவிட வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியறதுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். வந்தப்புறமும் தலைவலி விடலேன்னா முதல்ல பிரஷர் பாருங்க. பஸ்ல ராத்திரி முழுக்க முழிச்சு, வெறும் வயித்துல முழுக்குப் போட்டு, மாத்திரையை வீட்லயே மறந்துட்டுப் போனவங்கதான் பாதிப்பேர்.

இன்னொன்னு, அதை அள்ளுறவங்களுக்கு. குவியலா சேர விடாம ஈரமா இருக்கும்போதே அள்ளினா நாத்தமும் இல்ல, வாயுவும் இல்ல. கடலோரத்துல தென்னைக்கு அதை உரமா போடுற வழக்கம் ஏற்கனவே இருக்கு. நாள்கணக்கா அழுகவிட்டு, அப்புறம் முகத்துல கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு துப்புரவுப் பணியாளரை அதுல இறக்குறதுதான் ஆபத்து. அந்த வாயுவை கைக்குட்டை தடுக்காது.