இலகு பந்தயக் கார்

பந்தயத் தளத்தில் ஓடுவதையே பிரதான உத்தேசமாகக் கொண்டு, பொதுச்சாலையிலும் செல்லும் தகுதியோடு செய்யப்படும் இருவர் அமரும் கார். எஞ்சினின் பலத்தைப் பெருக்குவதினும் வண்டியின் பாரத்தைக் குறைப்பதே இதன் மூலதத்துவம். பாரம் குறையக் குறைய விரைந்து கிளம்புவதோடு, வளைவில் திரும்புவதும் பிரேக் பிடித்தவுடன் நிற்பதும் எளிதாகின்றன.

இவ்வினத்தின் மூலபுருஷராகக் கருதத்தக்கவர் ஆங்கிலேய யந்திர நிபுணர் காலின் சாப்மன். 1957-இல் அவருடைய லோட்டஸ் கம்பெனி வெளியிட்ட 'செவன்', எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்திய கார். கதவென்று சொல்ல ஒன்றுமில்லை, எடையோ சுமார் 500 கிலோ. முழுக் காருக்கு விதித்த கொள்முதல் வரி உதிரிபாகங்களாக விற்பதற்கு இல்லையாதலால், வாங்கியோர் பலர் பெட்டிகளில் வந்த பாகங்களைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டி முடித்தனர். 1973-இல் அவ்வரி ஒழிந்தது. அதே ஆண்டு உரிமையைப் பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனம் அந்த அமைப்பைப் பெரிதும் மாற்றாமல் இன்றும் செய்து வருகிறது. 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ், அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிய சட்டத்தால் பிரசித்தி பெற்றது.

தமிழ்நாட்டில் இந்தத் தத்துவம் வேறு மார்க்கமாக வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில், மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், குடும்பக் கார்களும் அநாவசியப் பாரம் களைந்து ஓடின. அங்கு ஓட்டிப் பழகிய கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், 1988-இல் 'பார்முலா மாருதி'யை உருவாக்கினார். மாருதி 800-இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் அமைத்து, ஒருவர் மட்டுமே அமரும்படி செய்த வண்டி அது. செம்பட்டி போன்ற சாலைச் சந்திப்பு ஊரின் பட்டறைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய எஞ்சினைத் தேர்ந்ததில்தான் அவருடைய சாமர்த்தியம் விளங்குகிறது. சீமையிலிருந்து தருவித்த எஞ்சினாயிருந்தால் பந்தயம் தனவந்தர்களின் பொழுதுபோக்காகவே நின்றிருக்கும். பின்னாளில் 2005-இல் பார்முலா ஒன் களம் புகுந்த முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன், பந்தய வாழ்வைத் தொடங்கியதும் பார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-இல் சிறுவிமான விபத்தில் காலமானார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பார்முலா மாருதி சாலைக்கு வரத்தக்கதன்று. ஆகவே கறாராக நோக்கின் அது இவ்வினத்தின் பங்காளியேயன்றி உறுப்பினரன்று. செவனைப் பின்பற்றிச் சாலைக்கென்றே இந்தியாவில் பிறந்தது, மகாராஷ்டிரத்து அலிபாக் அருகே சின்காரா மோட்டார்ஸ் செய்த ரோட்ஸ்டர். அதற்கும் உயிர் கொடுத்தது, கான்டெஸாவிலும் அம்பாசடரிலும் ஓடிய 1.8 லிட்டர் இசுசு எஞ்சினே.