நண்பனே நீதிபதியானால்?

ஹாலிவுட் படங்கள்ல பார்த்திருப்பீங்க: கல்லூரிப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு, முகப்பில் கிரேக்க எழுத்து, உள்ளே பார்ட்டி. பையன்கள் சங்கம்னா ஃப்ராட்டர்னிட்டி, பெண்கள் சங்கம்னா சொராரிட்டி. அங்கே தப்பு நடந்தா யார் விசாரிப்பாங்க?

பல பல்கலைக்கழகங்களில், அந்தச் சங்கத்து மாணவர்களே சேர்ந்து நடத்தும் கவுன்சில்தான். சொராரிட்டிகள் 1902லேயே தேசிய அளவில் ஒன்றுகூடி, ஆள் சேர்ப்பதற்குப் பொது விதி வகுக்க ஆரம்பித்தன. எனக்கு இந்த ஐடியா ரொம்பப் பிடிச்சிருந்தது. பெரியவங்க தலையீடு இல்லாம, நம்ம விதியை நாமே எழுதறோம்!

பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் கதையைப் படிச்சதும் மனசு மாறிடுச்சு. 2017 பிப்ரவரி. ஒரு ஃப்ராட்டர்னிட்டியில் புதுசா சேர்ந்த 19 வயசுப் பையனுக்கு வரிசையா மது கொடுத்தாங்க. நம்மூர் ராகிங் மாதிரிதான். அது மது கூடாதுன்னு விதி இருந்த வீடு. படியில் விழுந்தான். கிட்டத்தட்ட 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடலை. இறந்துட்டான்.

அந்த ஜூனில், சங்கங்களை விசாரிக்கும் அதிகாரத்தை மாணவர் கவுன்சில்களிடமிருந்து தானே எடுத்துக்கொள்வதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. 2018ல் அவன் பெயரிலேயே ராகிங்குக்கு எதிரான மாநிலச் சட்டம் வந்தது.

விதி எழுத மாணவர்களால் முடியும். ஆனா, அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் பார்ட்டிக்குப் போகப்போறவன், அந்த வீட்டை இழுத்து மூடுன்னு தீர்ப்பு சொல்வானா? நீங்க சொல்வீங்களா?