வள்ளுவர் ஏன் காற்புள்ளி இடவில்லை?



சில ஆண்டுகளுக்கு முன்பு என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். ஒரு மாணவனின் வாக்கியப் பயிற்சியைத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கம் முழுவதும் ஒரு காற்புள்ளியும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டேன். பக்கம் அம்மை கண்ட முகம்போல் ஆகிவிட்டது. புத்தகத்தை வாங்கிக்கொண்ட அவன், சுவரில் தொங்கிய குறள் அட்டையைக் காட்டி அமைதியாகக் கேட்டான்: "டீச்சர், திருவள்ளுவரும் நடுவில் காற்புள்ளி போடவில்லையே, அவருக்கு ஏன் வட்டம் போடவில்லை?"

வகுப்பே சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததை மறைக்க, "அதிகம் பேசாதே, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அதன் பிறகு அவ்வாண்டு முழுவதும் அவன் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அந்த மௌனம்தான் என்னைத் தேட வைத்தது. தேடிக் கண்டதை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

புள்ளி புதிதன்று

தமிழுக்குப் புள்ளி வெளியிலிருந்து வந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே விதி கூறுகிறது. எகர, ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்கிறது. ஆனால் அவை எழுத்தின் ஒலியைக் காட்டும் புள்ளிகள். வாக்கியத்தை நிறுத்தும் புள்ளிகள் அல்ல.

விதி இருந்தும் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். கூரிய எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை துளைபடும், கிழியும். ஆகவே குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவரே இடமறிந்து கண்டுகொள்ள வேண்டியிருந்தது. இது போதாதென்று, கால் என்னும் துணையெழுத்தும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ஓலையில் 'பால' என்று இருந்தால் அது பாலா, பரலா என்று சொல்பவர் யார்? அதனால்தான் பழைய ஏடுகளைப் பதிப்பித்தோர் அத்தனை இடர்ப்பட்டனர்.

எகர ஏகார, ஒகர ஓகாரக் குழப்பத்தைத் தீர்த்தவராக இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரைச் சுட்டுவர். நாம் இன்று எழுதும் 'ஏ', 'ஓ', இரட்டைச்சுழிக் கொம்பு ஆகியவற்றின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

குறியின் வேலையைச் செய்த சொற்கள்

சரி, நிறுத்தக்குறி இல்லாமல் நம் முன்னோர் எப்படிப் படித்தனர்? இதற்கான விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பல ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தும் நான் இதைக் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாக்கியம் எங்கே முடிகிறது? வினைமுற்றில். 'முற்று' என்ற பெயரே முடிவைச் சொல்லிவிடுகிறது. 'வந்தானா' என்பதில் உள்ள ஆகாரம், வினாக்குறி இல்லாமலே வினவுகிறது. 'அம்மாவும் அப்பாவும் தம்பியும் வந்தனர்' என்றால் அங்கே காற்புள்ளி வேண்டா. 'உம்' அவ்வேலையைச் செய்கிறது. அதே 'உம்' நீங்கினால், 'அம்மா, அப்பா, தம்பி ஆகியோர் வந்தனர்' என்று காற்புள்ளி வந்து நிற்கிறது. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதில் 'என்று' என்ற சொல் மேற்கோள்குறியாகிறது. உரையாசிரியர்களும் தம் விளக்கம் முடியும் இடத்தில் 'என்றவாறு', 'என்பதாம்' என்று எழுதிச் சென்றனர். அவையே அவர்களுடைய முற்றுப்புள்ளிகள்!

செய்யுளில் சீரும் அடியும் ஓசையைப் பிரித்துக் காட்டின. மேலும், அக்காலத்தில் நூல் கண்ணுக்காக மட்டும் எழுதப்படவில்லை. வாயால் ஓதவும் காதால் கேட்கவும் எழுதப்பட்டது. பேராக்கில் ஒரு பால்மரத் தோட்டத்தில் என் தாத்தா 'பெரிய எழுத்து' நல்லதங்காள் கதையை இராகம் போட்டுப் படிப்பார். லயத்து வாசலில் பெண்கள் கண்ணீரோடு கேட்பார்கள். அவர் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கேதான் காற்புள்ளி.

அச்சும் ஆறுமுக நாவலரும்

தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல், 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. எனினும் 1835-க்குப் பின்னரே, சட்டத் தடைகள் நீங்கி, நம்மவர் அச்சகங்கள் பெருகின. உரைநடை வளர்ந்தது. ஓதுவாரும் ஆசிரியரும் அருகில் இல்லாமல் தனியே, வாய்விடாமல் படிக்கும் வாசகர் தோன்றினர். அவர்களுக்கு மூச்சு வாங்கும் இடத்தை யாராவது காட்ட வேண்டுமல்லவா?

அப்பணியில் முன்னோடியாகப் போற்றப்படுபவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). ஆங்கிலக் கல்வியும் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற பட்டறிவும் உடையவர் அவர். 1848-இல் வண்ணார்பண்ணையில் பள்ளி நிறுவினார், அச்சகம் வைத்தார், சிறுவர்க்குப் பாலபாடங்களை வரிசையாக எழுதினார். தம் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாகக் கையாண்டார். நிறுத்தக்குறியும் சிறுவர் பாடநூலும் ஒரே ஆசிரியரின் கையில் வளர்ந்தன என்பதை நாம் மறத்தல் கூடாது. குறிகள் பிறந்தது மாணவனைத் தண்டிக்க அன்று. துணைக்கு ஆளில்லாமல் படிப்பவனுக்குத் துணையாகவே.

வகுப்பறைக்கு வருவோம்

இவ்வரலாற்றை ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளுக்கு விரிவுரையாகச் சொன்னால் தூங்கிவிடுவார்கள். விளையாட்டாக்கினேன். நான் செய்து பார்த்தவற்றுள் நான்கு இங்கே:

1. ஓலை விளையாட்டு. தென்னங்கீற்றைக் கழுவித் துடைத்து, மை தீர்ந்த பேனாவால் தங்கள் பெயரை எழுதச் சொன்னேன். புள்ளி வைத்தபோது ஓலை பொத்துக்கொண்டது. "அதனால்தான் விட்டுவிட்டார்களா!" என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அன்று முதல் அவ்வகுப்பில் மெய்யெழுத்துக்குப் புள்ளி விடுபடுவது வெகுவாகக் குறைந்தது.

2. நொடி விளையாட்டு. கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைந்நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்கிறது தொல்காப்பியம். குறிலுக்கு ஒரு சொடுக்கு, நெடிலுக்கு இரண்டு. சொடுக்கத் தெரியாத பிள்ளைகள் கண் சிமிட்டலாம். 'படம்', 'பாடம்' வேறுபாட்டைச் சொடுக்கிக் காட்டியவர்கள், எழுதும்போது காலை விடுவதில்லை.

3. நிற்கும் விளையாட்டு. கால், அரை, முக்கால், முழுமை: நம் குறிகளின் பெயர்களே கணக்குப் பாடம். ஒருவர் வாசிக்க, மற்றவர் நடக்க வேண்டும். காற்புள்ளிக்கு ஒரு கைதட்டல் நேரம் நிற்க வேண்டும், அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளி வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். "காற்புள்ளிக்குத்தான் கீழே குட்டிக் கால் இருக்கிறது, டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. எந்த நூலிலும் இல்லாத விளக்கம். ஆனால் ஒருவரும் மறக்கவில்லை.

4. அழைப்பது யார்? 'தம்பி அழைக்கிறான்' என்று கரும்பலகையில் எழுதினேன். அழைப்பவன் தம்பி. 'தம்பி, அழைக்கிறான்' என்று ஒரு சிறு குறி சேர்த்தேன். இப்போது அழைப்பவன் வேறு எவனோ! இரண்டையும் நடித்துக் காட்டச் சொன்னால் வகுப்பு கலகலக்கும்.

விளையாட்டு முறை மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்று சிலர் கருதலாம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். அதைச் சென்னைப் பகுதியில் கண்ட ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், தம் பள்ளியில் அம்முறையைப் புகுத்தி, 1797-இல் அதைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். அவர் வகுத்த கல்விமுறை 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஆகவே, மணல் தட்டு வாங்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பழைய முறையில் 'லை', 'னை', 'றா' ஆகிய எழுத்துகளை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் கற்றவர்கள், யானைத் துதிக்கை போன்ற ஐகாரக் குறியை எழுதிக் காட்டுவார்கள். எழுத்து மாறக்கூடியது, மனிதர் தம் தேவைக்கேற்ப மாற்றியது என்று குழந்தை உணரும். அந்த உணர்வு வந்தபின் விதிகள் அச்சுறுத்துவதில்லை.

"நேரமில்லை, தேர்வு இருக்கிறது" என்று நாமும் நெடுங்காலம் சொல்லி வந்தோம். 2021-இல் யூபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்டுவிட்டது. அந்தச் சாக்கு இப்போது நம்மிடம் இல்லை.

சிவப்பு மையை நான் முற்றிலும் விட்டுவிடவில்லை. பிழை பிழைதான். ஆனால் வட்டமிடுவதற்கு முன், "இதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு" என்கிறேன். படிக்கும்போது மூச்சு நிற்கும் இடத்தில் குழந்தை தானே நின்று, என்னைப் பார்த்துச் சிரித்து, பென்சிலை எடுக்கிறது.

கேள்வி கேட்ட அந்த மாணவன், தந்தையின் வேலை மாற்றத்தால் அவ்வாண்டின் இறுதியில் வேறு ஊருக்குச் சென்றுவிட்டான். விடை எனக்குக் கிடைத்தபோது அவன் வகுப்பில் இல்லை. இப்போது ஒவ்வோர் ஆண்டும், குறள் அட்டையைக் காட்டி, அவன் கேட்ட கேள்வியை நானே வகுப்பில் கேட்கிறேன்.

உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் சொல்லும் விடைகளை எனக்கும் தெரிவியுங்கள்.