கச்சேரியும் மாகாண சபையும்

பெரும்போகத்துக்கு முன் மட்டக்களப்பில் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் ஒருமுறை இருந்தவர்களுக்கு ஒற்றையாட்சியை விளக்கத் தேவையில்லை. தலைமையில் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் அரசாங்க அதிபர். பக்கத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநல சேவை உத்தியோகத்தர்களும். எதிரே படுவான்கரை விவசாய அமைப்புக்காரரும் வட்டை விதானைமாரும். விதைப்பு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும், மாடுகளை எப்போது அகற்ற வேண்டும் என்று அங்கேதான் முடிவாகும். பேச்சு ஊருடையது, தலைமை கொழும்பின் நியமனம்.

இந்த நியமன ஏணி பழையது. 1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி இலங்கை ஐந்து மாகாணங்களானபோது கிழக்கும் ஒன்றாயிற்று. பிரிவுத் தலைவராக வன்னியனார் இருந்த இடத்தில் காலப்போக்கில் காரியாதிகாரி வந்தார். பின்னர் உதவி அரசாங்க அதிபர். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரதேச செயலாளர். 1963இல் ஊர்த் தலைவரான விதானையார் பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தார். இன்று மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகங்கள். பெயர்கள் மாறின, நியமிக்கும் கை மாறவில்லை.

மாகாண சபை என்ற இரண்டாவது ஏணியை யாப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் நாட்டியது. ஆனால் 1972, 1978 யாப்புகள் இரண்டும் நாட்டை ஒற்றையாட்சி என்றே வரையறுத்தன. மாகாண ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. வடக்கிலிருந்து பிரிந்த கிழக்கு, தன் முதல் சபையை 2008 மேயில் தெரிவுசெய்தது. அதற்குப் பின்வந்த சபையின் ஆயுள் 2017 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. தேர்தல் முறையை மாற்றிய சட்டம் எல்லை நிர்ணயத்தை வேண்டியது. அந்த அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் தோற்கடித்தது. சபையின் ஆயுள் முடிந்ததிலிருந்து மாகாண நிர்வாகம் ஆளுநர் கையில்.

ஒற்றையாட்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நெப்போலியன் 1800இல் மாவட்டந்தோறும் அதிபரை அமர்த்திய பிரான்சே, 1982இல் மாவட்டச் சபையின் நிறைவேற்று அதிகாரத்தை அந்த அதிபரிடமிருந்து எடுத்து, தெரிவான தலைவரிடம் கொடுத்தது. நாடு உடையவில்லை, அதிபரும் வீட்டுக்குப் போகவில்லை.

குறை கச்சேரியில் இல்லை. வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் ஊர் ஓடுவது அங்கேதான். குறை, அதற்கு எதிரே வாக்கால் அமர்ந்தவர் எவரும் மாகாண மட்டத்தில் இல்லாததே. நியமித்தவருக்குப் பதில் சொல்லும் ஏணி ஒன்றிருந்தால், வாக்களித்தவருக்குப் பதில் சொல்லும் ஏணியும் வேண்டும். மாகாண சபைத் தேர்தலை நடத்துவதே அதற்கு முதல் வேலை.