பசுமைப் பட்டாசு: ஓர் அடைத்தொடரின் பொருள் எல்லை

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் சிவகாசி வட்டாரத்தில் எம். புதுப்பட்டி முதலான ஊர்களின் வாழ்வு வெடிமருந்துத் தொழிலோடு பிணைந்துள்ளது. இத்தொழிலுக்கு ஆங்கிலம் வழங்கிய அடைத்தொடர்களுள் ‘சேஃப்டி மேட்ச்’, ‘கிரீன் கிராக்கர்’ ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. இவற்றின் அடைமொழிகள் எப்பண்பைச் சுட்டுகின்றன, எதனைச் சுட்டவில்லை என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

முன்னோடித் தொடர்

வெண்பாஸ்பரசால் செய்த பழைய தீக்குச்சி எந்தச் சொரசொரப்பான பரப்பிலும் பற்றும். அதன் ஆவி தொழிலாளரின் தாடை எலும்பை அரித்தது. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்தது. கல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். ‘சேஃப்டி மேட்ச்’ என்பதிலுள்ள அடைமொழி, பெட்டியின் பக்கப் பூச்சில் உரசினால் மட்டுமே குச்சி பற்றும் என்னும் பண்பைக் குறிப்பது. ஆலையின் பணிச்சூழல் குறித்து அது எதுவும் கூறவில்லை.

பசுமைப் பட்டாசு

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் உமிழ்வு குறைந்த மேம்படுத்தப்பட்ட பட்டாசுகளையும் பசுமைப் பட்டாசுகளையும் மட்டும் அனுமதித்தது. பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் தடை செய்தது. நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்னும் வகைகளை உருவாக்கியது. இங்குப் ‘பசுமை’ என்பது நிறமன்று, மாசின்மையும் அன்று. வழக்கமான பட்டாசோடு ஒப்பிடுகையில் நுண்துகள் உமிழ்வு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு என்னும் ஒப்பீட்டுப் பொருளே அதற்குண்டு.

மேற்கண்ட மூன்று பெயர்களின் ஆங்கில விரிவும் ‘சேஃப்’ என்னும் சொல்லில் தொடங்குகிறது. இதனைப் பின்பற்றிப் ‘பாதுகாப்பான பட்டாசு’ என எழுதுவது பொருள் திரிபாகும். வெடிப்பவரின் காற்றைப் பற்றிய சொல், மருந்து செலுத்துபவரின் உயிரைப் பற்றிய உறுதிமொழியாக மாறிவிடுகிறது. எம். புதுப்பட்டியின் அறைகளில் கையாளப்படும் கலவை, பசுமை முத்திரை பெற்றாலும் உராய்வுக்கும் வெப்பத்துக்கும் வெடிக்கக்கூடியதே.

முடிவுரை

எனவே, ஆய்வாளர் இத்தொடரை முதலில் ஆளுமிடத்திலேயே அதன் வரையறையைத் தருதல் வேண்டும். ‘மாசற்ற’, ‘ஆபத்தற்ற’ என்பவற்றை அதற்கு ஈடாக ஆளலாகாது. நீதிமன்றம் வேறுபடுத்திய இருவகைகளையும் ஒன்றாக்கலாகாது. அடைமொழியின் எல்லையைக் காப்பது மொழித்தூய்மைக்கு மட்டுமன்று; தொழிலாளர் எதிர்கொள்ளும் இடர் எழுத்தில் மறையாதிருக்கவும் அது இன்றியமையாதது.