பரி நீவும் கலை

திருக்குர்ஆனின் 38ஆம் அத்தியாயமாகிய ஸூரத்து ஸாதில், ஸுலைமான் நபி (அலை) அவர்களின் முன்னிலையில் ஒரு மாலைப் பொழுதில் உயர்சாதிக் குதிரைகள் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட நிகழ்ச்சி கூறப்படுகிறது. குதிரைகள் ஓடிக் கண்ணுக்கு மறைந்தன; மீண்டும் அவற்றைக் கொண்டுவரச் சொன்னார்கள்; பின்னர் அவற்றின் கால்களிலும் கழுத்துகளிலும் ‘மஸ்ஹு’ செய்யலானார்கள். நாம் மதரஸாவில் ஓதிய நாளில் இவ்விடம் வந்ததும் எம் உஸ்தாது கிதாபை மூடி வைத்துவிட்டு, “இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொள்வீர்கள்?” என்று மாணவர்களைக் கேட்டார்கள். வுளூவில் தலைக்கு மஸ்ஹு செய்கிறோமே, அதே சொல்தான் என்றோம். “அப்படியானால் கையால் தடவினார்கள் என்பதா, வாளால் வெட்டினார்கள் என்பதா?” என்று மறுபடியும் கேட்டார்கள். வகுப்பு வாயடைத்துப் போயிற்று.

விரிவுரையாளர்கள் இங்கே இருவேறு வழிகளில் செல்கின்றனர். தொழுகையை மறக்கச் செய்த குதிரைகளை ஸுலைமான் நபி (அலை) அறுத்துவிட்டார்கள் என்பது ஒரு சாராரின் கருத்து. அன்பு மேலீட்டால் அவற்றின் பிடரியையும் கால்களையும் தடவிக் கொடுத்தார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வந்த கருத்து. ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரி பின்னதையே தேர்ந்தார்கள். குற்றமேதும் செய்யாத விலங்கைத் துன்புறுத்துவதும், காரணமின்றிப் பொருளை அழிப்பதும் ஒரு நபிக்குத் தகுமோ என்பது அவர்களுடைய நியாயம். இமாம் ராஸியும் தடவுதல் என்னும் பொருளையே வலியுறுத்தினார்கள். இப்னு கதீர் அவர்களோ, அக்காலச் சட்டத்தில் அறுப்பது ஆகுமானதாக இருந்திருக்கலாம் என்று மறுமொழி உரைத்தார்கள். எது சரியென முடிவு கட்டுவது எம் தகுதிக்கு அப்பாற்பட்டது. ஆயினும், ஒரே சொல்லுக்குள் வெட்டும் கையும் வருடும் கையும் அடங்கிக் கிடப்பதை எண்ணுந்தோறும், மனிதன் குதிரையோடு கொண்ட உறவின் வரலாறு முழுவதும் அச்சொல்லுக்குள் இருப்பதாகவே எமக்குத் தோன்றுகிறது.

ஹதீது நூல்களிலும் இச்செய்தி வளர்கிறது. குதிரைகளைக் கட்டிப் பேணுமாறும், அவற்றின் நெற்றி மயிரையும் பின்புறத்தையும் தடவிக் கொடுக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூதாவூது, நஸாயீ ஆகிய தொகுப்புகளில் காண்கிறோம். அண்ணலார் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துக் கொண்டிருந்ததை இமாம் மாலிக் அவர்களின் முவத்தா பதிவு செய்கிறது. ஆகவே குதிரையை நீவுதல் என்பது அரபு மண்ணில் செல்வர்தம் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததன்று; உடைமையாளனின் கடமையாகவும் கருதப்பட்டது.

முன்னையோர் அறிந்தவை

இக்கலை அரபியர்க்கு மட்டும் உரியதன்று. கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், மித்தன்னி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்னும் குதிரைப் பயிற்சியாளர் கூறியவை ஹித்தியரின் தலைநகராகிய ஹத்துசாவில் களிமண் பலகைகளில் எழுதி வைக்கப்பட்டன. தேர்க்குதிரையை எந்நாளில் எவ்வளவு தூரம் ஓட்டுவது, எப்போது நீராட்டுவது, எப்போது தீனியிடுவது என நாள்தோறும் வகுத்துரைக்கிறது அந்நூல். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கரான செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில் மற்றொரு நுட்பம் காணப்படுகிறது. முதுகெலும்பின்மேல் எந்தக் கருவியையும் படவிடாமல், மயிர் படிந்த திசையிலேயே வெறுங்கையால் தேய்க்க வேண்டும் என்கிறார் அவர். வீரன் அமரும் இடம் புண்படலாகாது என்பதே காரணம்.

நம் நாட்டில் சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் வடமொழிப் பரிமருத்துவம் பாரசீகத்திலும் பெயர்க்கப்பட்டது. குதிரை மருத்துவனைச் ‘சலோத்ரி’ என அழைக்கும் வழக்கு வடநாட்டில் அப்பெயரிலிருந்தே பிறந்தது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகம் 1952இல் படங்களுடன் பதிப்பித்திருக்கிறது.

அரபு மொழியில் இக்கல்விக்குப் ‘பைதரா’ என்பது பெயர். கிரேக்கத்தில் குதிரை மருத்துவனைக் குறித்த சொல்லே அரபியில் ‘பைதார்’ ஆயிற்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சியில் வாழ்ந்த இப்னு அகீ ஹிஸாம் எழுதிய நூல், குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் ஒருங்கே கூறும் பழைய அரபு நூல்களில் தலையாயது. எகிப்தில் மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மது இப்னு கலாவூனின் குதிரை மருத்துவராயிருந்த அபூபக்ர் இப்னு பத்ர், இரு கலைகளின் நிறைவு எனப் பொருள்படும் ‘காமிலுஸ் ஸினாஅத்தைன்’ என்னும் பெருநூலை இயற்றினார். சுல்தானின் பெயரால் அது ‘அந்நாஸிரி’ என்றும் வழங்கிற்று. அவருடைய தந்தையும் குதிரை மருத்துவரே. மருத்துவம் ஒரு கலை, வளர்ப்பும் பயிற்சியும் மற்றொரு கலை. இரண்டும் சேர்ந்தாலன்றிக் குதிரை நலம் பெறாது என்பதை அந்நூற்பெயரே உணர்த்துகிறது. பெரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1852 முதல் 1860 வரையில் அதனை மூன்று பகுதிகளாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

ஒரு சொல்லை ஈண்டுக் குறிப்பிடாமல் செல்ல மனமில்லை. குதிரை பேணுவோனை நாம் ‘சயிஸ்’ என்கிறோம். அஃது அரபுச் சொல். ‘ஸாஸ’ என்னும் வினையடியாகப் பிறந்தது. அரசியலைக் குறிக்கும் ‘ஸியாஸத்’ என்ற சொல்லும் அதே வினையடியிலிருந்து வந்ததே. ஒரு வாயில்லாப் பிராணியை அடிக்காமலும் கெடுக்காமலும் நடத்தத் தெரிந்தவனுக்கும் நாடாள்வோனுக்கும் மொழி ஒரே வேரைத் தந்திருக்கிறது.

காயலில் இறங்கிய குதிரைகள்

இனி, நம் கரைக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலத்தில், ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் காயல் துறையில் நங்கூரமிட்டன. கீஷ் தீவின் தலைவராகிய மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் தம் பண்ணையிலிருந்து 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் விலை கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனிடம் அமைச்சராகவே இருந்தார்.

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? வஸ்ஸாஃப் சொல்வது நெஞ்சை வருத்துகிறது. பச்சை வாற்கோதுமைக்கு மாறாக, வறுத்த தானியத்தை நெய்யிட்டுக் கொடுத்தனர். காய்ச்சிய பசும்பாலைப் புகட்டினர். கொழுப்பதற்கென நாற்பது நாள் முளையடித்துக் கட்டி வைத்தனர். பின்னர்ப் பயிற்சியும் அங்கவடியும் இல்லாமல் ஏறி விரட்டினர். வலிவும் விரைவும் மிக்க குதிரைகள் சின்னாளில் சோர்ந்து பயனற்றுப் போயின. அக்காலத்தே இவ்வழி வந்த மார்க்கோ போலோ, அரசர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். அதற்கு அவர் கூறும் காரணமே நம்மைச் சுடுகிறது. குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கில்லை. வணிகர்களோ குதிரை மருத்துவரைத் தம்முடன் கொண்டுவருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரைகள் இறந்தாலன்றோ மறு ஆண்டும் விற்கலாம்!

இக்குற்றச்சாட்டை எவ்வாறு கொள்வது? மார்க்கோ போலோ அயல்நாட்டுப் பயணி. சந்தையில் கேட்ட பேச்சை எழுதியிருக்கலாம். வஸ்ஸாஃப் தீனியையும் பயிற்சியையும் குறை கூறுகிறாரேயன்றி, வணிகர் மீது இப்பழியைச் சுமத்தவில்லை. வறண்ட நாட்டுக் குதிரைக்கு நம் கடற்கரையின் புழுக்கமும் ஒவ்வாதிருந்திருக்கும். இவையெல்லாம் நியாயமான ஐயங்களே. ஆனால் அவ்வணிகர் நம்மவர் என்பதற்காக நாம் அக்கூற்றை மூடி மறைத்தல் வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையன்று. நெற்றி மயிரைத் தடவிப் பேணுமாறு ஏவப்பட்ட சமுதாயத்தாரின் கப்பல்களில் குதிரைகள் வந்தன. அவற்றைப் பேணும் கல்வியோ போதுமான அளவில் உடன் வரவில்லை. அபூபக்ர் இப்னு பத்ரின் நூல் எழுதப்படுவதற்குச் சில பத்தாண்டுகளே முந்திய காலம் அது. ஒரு கரையில் கலை நூலாக முதிர்ந்துகொண்டிருந்தது. மறு கரையில் அக்கலை எட்டாமல் விலங்குகள் மடிந்தன. விற்பவன் கற்பிக்கவில்லை, வாங்கியவனும் கேட்கவில்லை. இழப்பு பாண்டியன் கருவூலத்துக்கு மட்டுமன்று. பேசத் தெரியாத பல்லாயிரம் உயிர்களுக்கும்தான்.

இன்றைய நீவுநர்

கற்பிக்கும் கடமையை இன்று மேலைநாடுகளில் ஒரு புதிய தொழிலினர் ஏற்றுள்ளனர். குதிரையின் தசைகளை நீவிவிடுவதையே தொழிலாகக் கொண்ட இவர்களுக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஜாக் மீகர். விளையாட்டு வீரர்களின் தசைப்பிடிப்பை நீக்குவதில் தேர்ந்த அவர், அதே முறையைக் குதிரைகளிடம் கையாண்டு, 1985இல் அது பற்றி நூலும் வெளியிட்டார். லிண்டா டெல்லிங்டன் ஜோன்ஸ் என்ற அம்மையார் 1970களில் ஃபெல்டன்கிரைஸ் என்பாரிடம் மனித உடலியக்கக் கல்வி பயின்று, அதன் வழியே விலங்குகளுக்கான மெல்லிய தொடுமுறை ஒன்றை வகுத்தார். ‘மஸாஜ்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லே, தொடுதல் எனப் பொருள்படும் ‘மஸ்ஸ’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது என்று அறிஞர் சிலர் கூறுவர். பிசைதலைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லே மூலம் என்பாரும் உளர்.

நீவுநராக விரும்புவோர் முதலில் குதிரையின் உடலமைப்பைப் பயில வேண்டும். குதிரைக்குக் காறை எலும்பு இல்லை. முன்னங்கால்களை உடலோடு இணைத்து நிறுத்துபவை தசைகளும் தசைநார்களுமே. உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அம்முன்னங்கால்களே தாங்குகின்றன. பொருந்தாத சேணம் முதுகுத் தசையை அழுத்தினால் குதிரை நடையைச் சுருக்கும், தலையைத் தூக்கும், சேணவார் இறுக்கும்போது காதுகளைப் பின்னே மடிக்கும். அதனைப் ‘பிடிவாதம்’ என எண்ணி உடையவன் சவுக்கை எடுக்கிறான். வேட்டையாடப்படும் இனமாதலின் வலியை மறைப்பது குதிரையின் இயல்பு. அதனாலேயே அதன் நோவைக் கண்ணைக் காட்டிலும் கை முந்தி அறிகிறது. உள்ளங்கையை மெல்ல ஓட்டிச் செல்லும்போது ஓரிடம் சூடாகவோ இறுகியோ தென்படும். அவ்விடத்தில் தோல் துடிக்கும். பொறுமையாக நீவினால் குதிரை தலையைத் தாழ்த்தும், உதட்டைத் தளர்த்தும், வாயை மெல்லும், கொட்டாவி விடும். இளகிவிட்டது என்பதற்கு அவையே அடையாளம்.

குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் பிடரியின் அடிப்பாகம். அவ்விடத்தைக் கோதினால் அவற்றின் இதயத்துடிப்பு தணிகிறது என்பதைப் பிரான்ஸில் இரு ஆய்வாளர்கள் 1993இல் அளந்து காட்டினர். ஆயினும் நீவுதல் எல்லா நோய்க்கும் மருந்தன்று. அதன் மருத்துவப் பயனை நிறுவும் ஆய்வுகள் இன்னும் குறைவே. காய்ச்சல், புதுக்காயம், காரணம் தெரியாத நொண்டல் ஆகியவை இருக்கையில் கை வைப்பது தவறு. மருத்துவரையே அழைக்க வேண்டும். இவ்வெல்லையைக் குறித்துச் சச்சரவும் உண்டு. கால்நடை மருத்துவப் பட்டம் பெறாதோர் விலங்கை நீவலாகாது என்று தடுக்கப்பட்டபோது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மூன்று பெண்கள் 2014இல் வழக்குத் தொடுத்து உரிமை பெற்றனர். பட்டம் வேண்டும் என்போர் விலங்கின் பாதுகாப்பைச் சொல்கின்றனர். வேண்டா என்போர் கையின் அனுபவத்தைச் சொல்கின்றனர். இருவரும் உண்மையில் பாதியையே பேசுகின்றனர் என்போம்.

இத்தொழிலினரில் சிறந்தோர் செய்யும் மற்றொரு பணியே எம் மனத்தைக் கவர்ந்தது. அவர்கள் குதிரை உடையவர்களுக்கும் கற்றுக்கொடுக்கின்றனர். மாதம் ஒருமுறை வரும் நீவுநரின் கையைவிட, நாள்தோறும் தொடும் உடையவரின் கையே குதிரைக்குப் பெரிது. எங்கே தொடுவது, எவ்வளவு அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதைக் கற்றவர் சேணத்தின் குறையை விரைவில் காண்கிறார். மருத்துவரை உரிய காலத்தில் அழைக்கிறார். சவுக்கைத் தாமே கீழே வைக்கிறார். கற்றுக்கொடுத்தால் தம் பிழைப்புக் கெடுமே என்று அந்நல்லோர் அஞ்சுவதில்லை. காயலில் எழுந்த கேள்விக்கு இஃதன்றோ விடை!

எம் இளமையில் எங்கள் தெருவில் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார்; ராவுத்தர் குலத்தவர். மாலையில் வண்டியை அவிழ்த்ததும், தாம் ஒரு வாய் தண்ணீர் குடிக்குமுன், வைக்கோலை முறுக்கிப் பந்தாக்கிக் குதிரையின் கழுத்தையும் தொடையையும் தேய்ப்பார். பிறகு வெறுங்கையால் கால்களை மேலிருந்து கீழாக உருவி விடுவார். “ஏன் மாமா, இத்தனை நேரம்?” என்று ஒருநாள் கேட்டோம். “நாள் பூரா நம்மைச் சுமந்துச்சே தம்பி. எங்கே வலிக்குதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது, நாமதான் தடவிப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்” என்றார். அவர் எழுத்தறியாதவர். அக்கலையை எவரும் அவரிடம் கேட்டுக் கற்கவில்லை, நாமும் கற்கவில்லை. அவர் மறைந்தபோது அதுவும் அவருடன் மண்ணுக்குப் போயிற்று.

ஸூரத்து ஸாதை இப்போது நாம் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும்போது, எம் உஸ்தாது கேட்ட கேள்வியை அவர்களிடமும் கேட்கிறோம். இரு கருத்துகளையும் முறையாகச் சொல்கிறோம். சொல்லி முடித்தபின் அந்த ஜட்காக்காரப் பெரியவரின் கைகளைப் பற்றியும் சொல்கிறோம்.